மனவடு நோய் இருப்பதாகப் படிவத்தில் எழுதினேன். தொண்டுப் பணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

வன்னிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம். நான் 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை வன்னிக்குள் இருந்து, பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்துக்கு வந்தவள். பிடிஎஸ்டி என்று இங்குள்ள வைத்தியர்கள் சொல்லும் மனவடு நோய் எனக்கு இருப்பது பல ஆண்டுகளுக்கு முன்பே உறுதிசெய்யப்பட்டது. சிகிச்சை பெற்று வருகிறேன். முன்பைவிட மிகவும் தேறியிருக்கிறேன்.

லண்டனில் என் வீட்டுக்கு அருகில் உள்ள ஓர் உணவு வங்கியில் தொண்டராகச் சேர விண்ணப்பித்தேன். "உங்களுக்கு நாங்கள் துணைநிற்கும் பொருட்டு, உங்கள் உடல், உள நலம் குறித்து நாங்கள் அறிந்திருக்க வேண்டியது ஏதும் உண்டா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. துணைநிற்பதற்காகக் கேட்கிறார்கள் என்று நம்பி, எனக்கு மனவடு நோய் இருக்கிறது, திடீரென்று எழும் பெருஞ்சத்தம் என்னைச் சற்று நேரம் உலுக்கும், வேறு எந்த வேலைக்கும் தடையில்லை என்று எழுதினேன். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பின்பக்கக் களஞ்சிய அறையில், வந்து சேரும் பொருட்களைக் காலாவதித் திகதி பார்த்துப் பிரித்து அடுக்குவதும், குடும்ப அளவுக்கேற்ப அவற்றைப் பெட்டிகளில் போடுவதும் என் பொறுப்பாக இருந்தன. அந்த வேலையில் எனக்கு மிகுந்த நிறைவு கிடைத்தது. முகாமில் நிவாரண வரிசையில் நின்ற எனக்கு, அரிசியையும் பருப்பையும் பெட்டியில் வைக்கும் கை என்னுடையதாக இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை இங்கே பலர் விளங்கிக்கொள்வீர்கள்.

ஒரு நாள் களஞ்சியத்தின் இரும்புச் சுருள் கதவைப் பிடித்திருந்தவரின் கை நழுவ, அது முழு வேகத்தில் நிலத்தில் வந்து மோதியது. நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். செல்லடிக்குள் வாழ்ந்த உடம்பு அப்படித்தான் செய்யும். சில நிமிடங்களில் எழுந்து, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து பெட்டியை நிரப்பத் தொடங்கினேன். அன்றைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. என் நலனைக் கருத்திற்கொண்டு இனிமேல் நான் தொண்டராக வர வேண்டியதில்லை என்றும், எனக்கு உதவி தேவைப்பட்டால் பயனாளியாக எப்போதும் வரலாம் என்றும் மிகக் கனிவான சொற்களில் எழுதியிருந்தார்கள். உதவி வாங்க வரலாம், உதவி கொடுக்க வரக்கூடாது என்ற அந்த வரி என்னை நாட்கணக்கில் தூங்கவிடவில்லை. இதற்கு முன்னரே, நான் படிவத்தில் எழுதியதைச் சக தொண்டர் ஒருவர் அறிந்திருந்தார். தேநீர் வேளையில், போரில் அப்படி என்னதான் நடந்தது என்று அவர் என்னிடம் கேட்டபோதுதான், என் தகவல் பலருக்கும் போயிருப்பது தெரிந்தது.

இது பாகுபாடு என்று நான் நினைக்கிறேன். சட்டமும் அப்படிச் சொல்கிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

மட்டுறுத்துநர்

இழை தொடரட்டும். அந்த உணவு வங்கியின் பெயரையோ அங்குள்ளவர்களை அடையாளம் காட்டும் விவரங்களையோ யாரும் இங்கே எழுத வேண்டாம். வன்னிக்காரி அவர்களே, முறைப்பாடு செய்யும் எண்ணம் இருந்தால் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

சட்டநூல்

அக்கா, நடந்ததை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் பல ஆண்டுகளாக ஆலோசனை நிலையங்களில் இந்தத் துறையில் வேலை செய்து வருகிறேன். கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கின்ற, அல்லது நீடிக்கக்கூடிய, உடற்குறையும் உளக்குறையும் மாற்றுத்திறன் என்ற வரையறைக்குள் வரும். உங்கள் நோய் அதற்குள் அடங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிகிச்சையால் நீங்கள் தேறியிருப்பதும் உங்களுக்கு எதிராகாது, ஏனென்றால் சிகிச்சை இல்லாவிட்டால் நிலைமை எப்படி இருக்கும் என்றுதான் சட்டம் பார்க்கிறது. எனவே நீங்கள் யார் என்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் தொண்டர் என்ற உங்கள் நிலையில்தான் இருக்கிறது.

2012 டிசம்பர் 12 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. மிட் சசெக்ஸ் சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோ என்ற மக்கள் ஆலோசனை நிலையத்தில் ஊதியமின்றிச் சட்ட ஆலோசகராகப் பணியாற்றிய, எக்ஸ் என்று மட்டும் குறிப்பிடப்பட்ட ஒரு பெண்மணி தொடுத்த வழக்கு அது. சட்டப் பட்டம் பெற்ற அவர், வாரத்தில் ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை அங்கே சென்றுவந்தார். கையெழுத்திட்ட உடன்பாட்டில், இது கௌரவ அளவில் மட்டுமே கட்டுப்படுத்தும், வேலை ஒப்பந்தம் ஆகாது என்று எழுதப்பட்டிருந்தது. தம் மாற்றுத்திறன் நிலையின் காரணமாகவே தம்மை விலக்கினார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. அந்த முறைப்பாடு உண்மையா என்ற கட்டத்துக்கே வழக்கு போகவில்லை. ஒப்பந்தமில்லாத தொண்டர்களுக்கு, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்தச் சட்டப் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருந்த ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரை உருவானபோது, ஊதியமற்ற தொண்டையும் அதில் சேர்க்கும்படி ஐரோப்பியப் பாராளுமன்றம் முன்வைத்த திருத்தம் ஏற்கப்படாததையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

இதனால் சம்பளம் வாங்குபவரை இதே மின்னஞ்சலால் விலக்கியிருந்தால் அவர் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்க முடியும். நீங்கள் போக முடியாது. இது நியாயமற்ற இடைவெளி என்பது என் உறுதியான கருத்து. தொண்டு நிறுவனங்கள் பெருமளவில் தொண்டர்களின் உழைப்பில் நடக்கும் ஒரு நாட்டில், அந்த உழைப்பைத் தருபவர் மட்டும் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

ஆனால் வழிகள் முற்றாக அடைபடவில்லை. ஒரு தொண்டருக்கு உண்மையான செலவைத் திருப்பிக் கொடுக்காமல், செய்த மணித்தியாலத்துக்கு ஏற்பக் கொடுப்பனவு வழங்கப்பட்டால் நிலை மாறலாம். கடலோரக் காவல் மீட்புத் தொண்டர் ஒருவர், கொடுப்பனவு உள்ள பணிகளில் ஈடுபடும்போது தொழிலாளர் என்ற நிலையை உடையவர் என்று 2024இல் வேலைவாய்ப்பு மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. உங்களுக்கு எதுவும் தந்தார்களா?

இரண்டாவது, அதே சமத்துவச் சட்டத்தில் பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர் பாகுபாடு காட்டக்கூடாது என்ற பகுதி தனியாக உண்டு. தொண்டு செய்யும் வாய்ப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பதும் ஒரு சேவைதான் என்று வாதிட இடமிருக்கிறது. வெற்றி நிச்சயம் என்று சொல்லி உங்களுக்கு வீண் நம்பிக்கை தர மாட்டேன். அந்த வழியில் போவதானால், கவுன்டி நீதிமன்றத்தில் ஆறு மாதங்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் உங்கள் கையில் இருக்கும் மிக உறுதியான கருவி. தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொண்டர், ஊழியர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. உடல்நலத் தகவல் அச்சட்டத்தில் தனிக் காப்புக்குரிய தகவல். நீங்கள் படிவத்தில் எழுதியது தேநீர் மேசைக்கு எப்படி வந்தது என்று அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவுகள், மின்னஞ்சல்கள் அனைத்தின் பிரதியையும் கேட்டு எழுதுங்கள். கட்டணம் கிடையாது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

கிழக்கு லண்டன் வாசி

எனக்கு ஒன்று விளங்கவில்லை. படிவத்தில் ஏன் எழுதினீர்கள்? இந்த நாட்டில் இருபது வருடம் வாழ்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், வெள்ளைக்காரரிடமும் சரி, நம்மவரிடமும் சரி, மனநலம் பற்றி வாய் திறந்தால் அந்த நாளிலிருந்து நம்மை வேறு கண்ணால்தான் பார்ப்பார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் கதவு விழுந்த அன்றும் யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். யாருக்குத்தான் சத்தத்தில் தூக்கிவாரிப் போடாது?

சட்டநூல்

அண்ணா, உங்கள் எச்சரிக்கையில் உள்ள அனுபவத்தை மதிக்கிறேன். ஊதிய வேலையானால், வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலம் பற்றி வேலைதருநர் கேட்பதற்குச் சமத்துவச் சட்டமே கட்டுப்பாடு விதிக்கிறது. நீங்கள் சொல்லும் அதே அச்சம் காரணமாகத்தான் அந்த ஏற்பாடு வந்தது. தொண்டர்களுக்கு அந்தக் காப்பும் இல்லை. ஆனால் சொல்லாமல் இருந்தால் மற்றொரு சிக்கல் வரும். ஒருவருக்கு என்ன தேவை என்பது தெரியாதபோது, அதற்கேற்ற மாற்றத்தைச் செய்து தரவில்லை என்று பின்னர் யாரையும் குறைகூற முடியாது. அக்கா நேர்மையாக எழுதினார். துணைநிற்பதற்காக என்று கேட்டு வாங்கிய தகவலை விலக்குவதற்குப் பயன்படுத்தியவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

பொறுப்பாளர்

நான் வேறொரு நகரத்தில் ஒரு தொண்டு அமைப்பில் தொண்டர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மறுபக்கத்தையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். சகோதரி மனம் நோகக்கூடாது.

எங்களுக்குக் கீழே நாற்பது, ஐம்பது தொண்டர்கள் இருப்பார்கள். ஒருவர் மேசைக்குக் கீழே போய் நடுங்குவதைப் பார்க்கும் பொறுப்பாளருக்கு முதலில் வருவது பயம். இவருக்கு ஏதும் ஆகிவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன், காப்புறுதி இதை ஏற்குமா, மற்றத் தொண்டர்கள் என்ன நினைப்பார்கள் என்று மனம் ஓடும். பெரும்பாலான பொறுப்பாளர்களுக்கு உளநலம் பற்றிய பயிற்சி அரை நாள்கூடக் கிடைத்திருக்காது. பலர் தாமும் ஊதியமில்லாமல் உழைப்பவர்கள். அந்த மின்னஞ்சலை எழுதியவர் வெறுப்பால் எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி, ஊழியர் அல்லாதவரின் பாதுகாப்புக்கும் நிறுவனமே பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

மாலைத்தாதி

பொறுப்பாளர் அவர்களே, வெறுப்பு இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வெறுப்பே இல்லாமலும் ஒருவரைப் பாகுபாடாக நடத்த முடியும் என்பதுதான் இந்த இழையின் வேதனை.

நான் உளநலப் பிரிவில் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாடு, இந்த நோய்க்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. நடந்தது இப்போது மீண்டும் நடப்பதுபோல் உணர்தல், அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், ஆபத்து இன்னும் அருகில் இருப்பதாக உடம்பு விழித்தபடியே இருத்தல். இந்த மூன்றில் எதிலும் பிறருக்குத் தீங்கு செய்தல் என்பது இல்லை. சகோதரி செய்தது என்ன? சத்தம் கேட்டது, குனிந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார், வேலையைத் தொடர்ந்தார். தன்னைத் தானே இவ்வளவு விரைவாக நிலைப்படுத்திக்கொள்வதற்கு என்னிடம் வருபவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அன்று அந்தக் களஞ்சியத்தில் நடந்தது ஒரு தேர்ச்சி. பார்த்தவர்கள் அதை ஆபத்து என்று எழுதிவைத்தார்கள்.

பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சட்டம் கேட்பது ஆபத்தை ஆராய்ந்து குறைக்கும்படி. கை நழுவினால் முழு வேகத்தில் விழும் இரும்புக் கதவு, அதற்குக் கீழே நிற்கும் எவருடைய காலையும் முறிக்கக்கூடியது. அந்தக் கதவைத் திருத்தினார்களா? ஆபத்தான கதவு அங்கேயே இருக்க, அதன் சத்தத்துக்கு அதிர்ந்தவரை வீட்டுக்கு அனுப்புவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

எங்கள் ஊர் அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் முகாம் முகாமாகச் சென்று மக்களோடு இருந்து கதைத்த ஆசிரியர்கள், கிராமத் தொண்டர்கள், உளவளத்துணையாளர்கள் பலர் தாமே வீட்டையும் உறவையும் இழந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனி மனிதருடைய நோயாக மட்டும் பார்க்காமல் ஒரு சமூகம் முழுவதும் பட்ட கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர். பாதிக்கப்பட்டவர்கள் விலகி நிற்க வேண்டும் என்று அன்று ஒரு விதி இருந்திருந்தால், அங்கே உதவி செய்ய ஆளே இருந்திருக்காது. பயனுள்ள ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வும், ஒழுங்கான ஒரு நாள் நடைமுறையும், ஆட்களோடு சேர்ந்திருப்பதும் இந்த நோயில் தேறிவருபவருக்கு எவ்வளவு தேவை என்பதை நான் தினமும் பார்க்கிறேன். சிகிச்சை அறையில் நாங்கள் சிறிது சிறிதாகக் கட்டியெழுப்புவதை இப்படி ஒரு மின்னஞ்சல் கலைத்துவிடும்.

தமிழாசிரியர்

வன்னிக்காரி தங்கச்சிக்கு வணக்கம். வெள்ளையர் நடத்தும் அமைப்புகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஆகவே நம் வீட்டுக்குள் நடந்ததையும் எழுதுகிறேன்.

நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஊதியமில்லாமல் படிப்பிக்கிறேன். என்னோடு படிப்பித்த ஒரு தம்பி, முன்னாள் போராளி. தடுப்பில் இருந்து வந்தவர். ஆண்டு நான்கு பிள்ளைகளுக்கு அவர் கதை சொல்லிப் படிப்பித்ததைப்போல் எங்களில் யாராலும் முடிந்ததில்லை. நவம்பர் ஐந்தாம் திகதியை ஒட்டி வெடி கொளுத்தும் வாரத்தில் மட்டும், யன்னல் இல்லாத உள் வகுப்பறையைத் தரமுடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டார். காரணத்தையும் சொன்னார். அறை கிடைத்தது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் பெற்றோர் சிலர் வட்ஸ்அப்பில், விசர் பிடித்தவரிடமா பிள்ளைகளை விட்டிருக்கிறோம் என்று எழுதத் தொடங்கினார்கள். நிர்வாகம் அவரை நூலகப் பொறுப்புக்கு மாற்றியது. அவர் எதுவும் பேசாமல் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவரை நிறுத்தியவர்கள் எல்லோரும் மே 18 அன்று விளக்கேற்றுபவர்கள். அந்தப் போரில் இறந்தவர்களுக்காக அழும் நாம், அதிலிருந்து உயிரோடு வந்தவரின் கை நடுங்கினால் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்கிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நெடுந்தீவான்

புகலிடக் கோரிக்கையாளர்களின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோரிக்கை முடிவாகும் வரை அவர்களுக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதியில்லை. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இழுபட்டால் மட்டுமே அனுமதி கேட்கலாம். ஆனால் தொண்டு நிறுவனங்களில் ஊதியமின்றித் தொண்டு செய்ய அனுமதி உண்டு. நான் காத்திருந்த காலத்தில், வீட்டை விட்டு வெளியே போவதற்கு எனக்கிருந்த ஒரே காரணம் ஒரு பழைய தளபாடக் கடையில் செய்த தொண்டுதான். மனவடு நோயோடு வருபவர்கள் அதிகமாக இருப்பதும் இந்தக் கூட்டத்தில்தான். சம்பளமில்லைத்தானே, போனால் என்ன என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பொறுப்பாளர்

மாலைத்தாதி எழுதிய கதவு விடயம் சரியானது. அதை மறுக்க எனக்கு வார்த்தை இல்லை. எங்கள் அமைப்பில் நடைமுறையில் செய்யக்கூடியது எது என்று யோசித்தேன். ஒருவரிடம், "உங்களால் முடியுமா?" என்று கேட்பதைவிட, "அப்படி நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சம்மதத்தோடு ஒரு தாளில் எழுதி, பொறுப்பாளர் ஒருவர் மட்டும் வைத்திருக்கலாம். காப்புறுதியைப் பற்றியும் எங்கள் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். உளநலக் காரணத்துக்காக ஒரு தொண்டரை விலக்கும் நிபந்தனை எதுவும் அதில் இல்லை. சகோதரியிடமும் அவர்கள் காப்புறுதியைக் காரணமாகச் சொன்னால், அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

வன்னிக்காரி

எல்லோருக்கும் நன்றி. சட்டநூல் தம்பி கேட்டதற்குப் பதில்: பஸ் கட்டணத்தை மட்டும் பற்றுச்சீட்டுப் பார்த்துத் தந்தார்கள், வேறு கொடுப்பனவு எதுவும் இல்லை. எனவே அந்த வழி எனக்கு இல்லை என்று விளங்கிக்கொள்கிறேன்.

தம்பி சொன்னபடி என் பதிவுகளைக் கேட்டு எழுதினேன். இப்போது அவை வந்துவிட்டன. பிறருடைய பெயர்களை மறைத்துத் தந்திருக்கிறார்கள். என்னை விலக்குவதற்கு முதல் நாள் ஒருவர் மற்றவருக்கு எழுதிய மின்னஞ்சலில், பயனாளிகளின் முன்னால் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டிருக்கிறது. நான் பின்பக்க அறையை விட்டு முன்னே வந்ததே இல்லை. பயனாளிகளை ஒரு நாளும் சந்தித்ததில்லை. என்னோடு நேரில் கதைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே பதில் எதுவும் இல்லை. என் படிவத்தின் பிரதி, தொண்டர்களின் நேர அட்டவணை இருந்த அதே கோப்பில் வைக்கப்பட்டிருந்ததாகவும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோப்பை யாரும் திறக்கலாம்.

அறங்காவலர் குழுவுக்கு முறைப்பாடு எழுதினேன். சந்திப்புக்கு அழைத்திருக்கிறார்கள். நான் மூன்று விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். களஞ்சிய அறையில் என் பழைய வேலையை எனக்குத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கதவைத் திருத்த வேண்டும். உடல்நலத் தகவலைத் தனியாகப் பூட்டி வைக்கவும், யார் பார்க்கலாம் என்பதை எழுதி வைக்கவும் வேண்டும். மன்னிப்பை நான் கேட்கப்போவதில்லை. அதை அவர்களாகத் தந்தால் வாங்கிக்கொள்வேன். மாலைத்தாதி அக்கா, என் சிகிச்சையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லதா?

மாலைத்தாதி

கடிதம் வாங்குங்கள், ஆனால் அதில் உங்கள் கதை இருக்கக் கூடாது. போரில் உங்களுக்கு நடந்ததை அறிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. நீங்கள் சிகிச்சையில் இருக்கிறீர்கள், இந்த வேலை உங்களுக்கு ஏற்றது, சத்தத்தால் அதிர்ந்தால் சில நிமிட இடைவெளியும் தனியாக இருக்க ஓர் இடமும் போதும் என்ற அளவில் அரைப் பக்கம் போதுமானது. அனுப்புவதற்கு முன் நீங்கள் வாசித்துச் சம்மதம் சொல்லுங்கள். சந்திப்புக்குத் தனியாகப் போகவும் வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்து வருவதாக முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சட்டநூல்

அக்கா, ஒரு முக்கியமான விடயம். முறைப்பாட்டை அவர்கள் விசாரித்துக்கொண்டிருப்பதால் நீதிமன்றக் காலக்கெடு நின்றுவிடாது. உங்களை விலக்கிய மின்னஞ்சலின் திகதியிலிருந்து ஆறு மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சந்திப்பைத் தள்ளிப் போட்டார்கள் என்றால் அந்தக் காலம் உங்களுக்குத்தான் குறையும். சமத்துவ ஆலோசனை மற்றும் ஆதரவுச் சேவை என்ற இலவசத் தொலைபேசிச் சேவை உண்டு. சேவை வழங்கல் என்ற பகுதியின் கீழ் உங்கள் விடயம் வருமா என்று அவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். உங்கள் தகவல் கசிந்த விடயம் இதிலிருந்து வேறானது. அதைத் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்குத் தனி முறைப்பாடாக அனுப்புங்கள், இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம்.